நாலு மணி வெயிலில் ஜெர்மானியம்

1

இந்தக் கதை ஓர் ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றின் புல்வெளியில், போன சனிக்கிழமை, பாட்டுக்கு நடுவிலேயே கிட்டார் வாசித்த பெண் தன் காலடியில் கிடந்த தகரப் பெட்டியைப் பிடுங்கி, பாலித்தீன் பையில் சுற்றி, சோடா பாட்டில்களுக்கு நடுவே ஐஸில் புதைத்தாள். ஏன் என்று போய்க் கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்து எழுத உட்கார்ந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதைதான்.

முதல் தொடக்கம்: கடலலைகள் பாறையில் மோதிச் சிதறிய அந்திப் பொழுதில் அன்பரசியின் மெல்லிய விரல்கள்

(வேண்டாம். மாமல்லபுரம் என்றதும் அலையும் பாறையும் ஆட்டோக்காரர்கள் மாதிரி வந்து சூழ்ந்துகொள்கின்றன.)

இரண்டாம் தொடக்கம்: அப்பா விட்டுச்சென்ற பழைய ரேடியோவைப் பிரித்து, அதிலிருந்த டிரான்சிஸ்டர்களை

"எங்க வூட்ல ஏது சார் ரேடியோ? டிவிதான் இருந்துச்சு. ஆன்லைன்ல வாங்கனேன்னு எழுதுங்க" என்று என் கதைக்குள்ளிருந்தே குறுக்கிடுகிறாள் அன்பரசி. அப்பாவும் செங்கல்பட்டில் சௌக்கியமாக இருக்கிறாராம். சரி, ஆன்லைன்.

2

அன்பரசிக்கு சிறுசேரியில் வேலை, படூரில் வாடகை ஃபிளாட். சனிக்கிழமைகளில் மோகனின் பேண்டில் கிட்டார் வாசிக்கிறாள். தம்பி பெஞ்சமின் அதே பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அவள் வீட்டிலேயே செய்த அந்தத் தகரப் பெட்டிக்கு ஃபஸ் பெடல் என்று பெயர். கிட்டாரின் தெளிவான ஒலியைக் கிழித்துக் கரகரவென்று உறும வைக்கும்.*

பெட்டிக்குள் சாமான் அதிகமில்லை. உயிர் இரண்டு டிரான்சிஸ்டர்களில் இருக்கிறது. அவை பழைய காலத்து ஜெர்மானியத்தில் செய்தவையா, இன்றைய சிலிக்கானில் செய்தவையா என்பதுதான் கேள்வி. அன்பரசி சொந்தமாக ஒரு பாட்டு கட்டியிருந்தாள். கிட்டாரின் வால்யூமைக் குறைத்து, யாரோ வாய்க்குள் முனகுவது போல ஆரம்பிக்கும்; அப்புறம் வால்யூமைத் திறந்தால் உறுமல். ஜெர்மானியம் போட்டால் அந்த முனகல் பூப்போல வரும். சிலிக்கானில் அங்கேயும் ஒரு அரம் தேய்க்கும்.

ஆகவே ஒரு பை நிறைய ஜெர்மானியம் வாங்கி, ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் அளந்து, முக்கால்வாசியைக் குப்பையில் போட்டு, இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். ஏசி அறையில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னால் பற்றவைத்து, அங்கேயே வாசித்துப் பார்த்தாள். மனசுக்குள் கேட்ட அதே ஒலி. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. அதை ஏசியில் சரிபார்த்துவிட்டு, மாமல்லபுரத்து நாலு மணி வெயிலில் கொண்டுபோய் வைத்தாள் மகராசி. அந்தப் பாட்டில் அவள் தனியாக வாசிக்கும் சோலோவின் பாதியில் பெட்டி தொண்டை அடைத்து நின்றது. ஐஸில் வைத்தால் உயிர் வந்தது, வெளியே எடுத்தால் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இன்னா அன்பு இது, மானம் போவுது" என்றார் மோகன். "அடுத்த வாரமும் இப்டி ஆச்சுன்னா சோலோவ அபிஷேக்கு வாசிக்கட்டும். அவன்கிட்ட கடைல வாங்கன பெடல் கீது."

அபிஷேக் பேண்டின் இன்னொரு கிட்டார்க்காரன். அந்தப் பாட்டை அவன் எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டிருந்தான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

* தெளிவான ஒலியைக் கெடுக்க இவ்வளவு பாடா என்று கேட்காதீர்கள். நல்ல மாங்காயை ஏன் உப்பில் போடுகிறாய் என்று ஊறுகாய் போடுகிறவர்களிடம் கேட்பீர்களா?

3

வியாழக்கிழமை. மேசையில் இரண்டு ஜெர்மானியம், இரண்டு சிலிக்கான். அன்பரசி கையில் சால்டரிங் அயர்ன் புகைகிறது. கதைக்காரனுக்குக் கொண்டாட்டமான இடம். குறையுள்ள பொருளில்தான் கலையின் ஆன்மா

(சே. அடித்துவிட்டேன்.)

ஜெர்மானியத்தையே போடேன் என்றேன்.

"நீங்க வந்து வெயில்ல வாசிப்பீங்களா சார்?"

அப்படியானால் சிலிக்கான்.

"அப்போ பாட்டு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் குறுக்கே பேசும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? அந்த நேரம் பார்த்துத்தான் பெஞ்சமின் வாயில் பஜ்ஜியோடு உள்ளே வந்தான்.

"ரெண்டையும் போடேன்க்கா. நடுவுல ஒரு ஸ்விட்ச் வையி. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சினுகீற."

தலையில் அடித்துக்கொண்டேன். கதை முழுக்க ஒரு தேர்வின் மேல் நிற்கிறது. அதை ஒரு பஜ்ஜி தின்கிற நேரத்தில் முடித்துவிட்டான். கதையின் ஒரு பிரதியில் அவனை நீக்கியும் பார்த்தேன். பேண்டில் பேஸ் இல்லாமல் போயிற்று, அக்காவும் அவனைத் தேட ஆரம்பித்தாள். திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

4

அவள் அப்படியே செய்தாள். ஒரே தகரப் பெட்டி, உள்ளே இரண்டு சோடி, காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச். பாட்டு நடுவே மாற்றினால் படாரென்று வெடிக்கும், அதனால் ஆரம்பிக்கும் முன்பே மிதித்துவிட வேண்டும்.

முடிவு அ: சரியான நேரத்தில் மேகம் வந்து வெயிலை மறைக்கிறது. (வெட்கமாக இருக்கிறது.)

முடிவு ஆ: அபிஷேக் தானாக முன்வந்து, அக்கா, இது உங்கள் பாட்டு என்று விலகுகிறான். (அவனை நல்லவனாக்க எனக்கு மனசில்லை.)

முடிவு இ: சிலிக்கானில் வாசிக்கிறாள். கைதட்டல். மோகனுக்குச் சந்தோஷம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் யாரோடும் பேசாமல் ஒயரைச் சுருட்டுகி

இதுவும் வேண்டாம். ஸ்விட்ச் எதையும் தீர்த்துவிடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வீட்டு மேசையில் ஆற அமர முடிவு செய்திருக்கலாம். அதைத் தூக்கி வெயிலில், ஊர் பார்க்க, அவள் காலுக்கடியில் வைத்துவிட்டோம், நானும் அவள் தம்பியும்.

சனிக்கிழமை, நாலு மணி, அதே புல்வெளி. அபிஷேக் கிட்டாரை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறான். அன்பரசி குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறாள். சுடுகிறது.

"சிலிக்கான்ல வெச்சிடுக்கா. கம்முனு வாசிச்சிட்டுப் போயிடலாம்" என்கிறான் பெஞ்சமின்.

"அது என் பாட்டு இல்லடா."

"ஜெர்மானியம் நின்னு போச்சுன்னா பாட்டே உன்து இல்ல."

அவள் காலைத் தூக்கி ஸ்விட்ச் மேல் வைக்கிறாள். நான் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் அவள் தோற்கிறாள், ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. இதற்குமேல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத என்னால் முடியாது. பேனா இந்தாருங்கள்.

அவள் கால் ஸ்விட்ச் மேல் இருக்கிறது. மோகன் எண்ணத் தொடங்கிவிட்டார். ஒன், டூ, த்ரீ. நாலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் அவள் கால் எந்தப் பக்கம் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவளால் மாற்ற முடியாது.