ஒரு டோல் முன்னால்

விஜயவாடா ஆட்டோநகரில், வெங்கடரத்னத்தின் லாரி ஆபீசில் வண்டிகளை அனுப்பும் வேலையில் இருந்த நாகபூஷணம், பன்னிரண்டு டன் மிளகாயோடு நின்ற லாரியை வெறும் வாய்ச்சொல்லால் நாற்பத்தைந்து கிலோமீட்டர் நகர்த்தியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. தார்ப்பாய்க்குக் கயிறு பாதிதான் கட்டியிருந்தார்கள். ராஜமுந்திரி வியாபாரி நாலாவது தடவையாக போன் செய்து வண்டி எங்கே என்று கேட்டார். நாகபூஷணம் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்ததையே சொன்னார். "அது அப்பவே கெளம்பிடுச்சுங்க. கலபர்ரு டோல் தாண்டியாச்சு." போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் லாரி இல்லை. லோடுமேன் கையில் கயிற்றின் நுனி மட்டும் இருந்தது. ரெண்டு நிமிஷத்தில் டிரைவர் கரீமுல்லாவின் போன் வந்தது. வாயில் பற்பசையோடு பேசியதால் முதலில் ஒன்றும் புரியவில்லை. "அண்ணே, பல்லு வெளக்கிட்டு இருந்தேன். இப்ப ஏலூரு பக்கத்துல நிக்கிறேன். நீ யாருகிட்டயாவது எதையாவது சொன்னியா?"

லாரி ஆபீஸ்காரர்களைப் பொறுத்தவரை இது பொய்க் கணக்கில் சேராது. டிரைவர் தான் இருக்கும் இடத்துக்கு ஒரு டோல் முன்னால் சொல்லுவான். ஆபீஸ்காரர் அதற்கு ஒன்று கூட்டி வியாபாரியிடம் சொல்லுவார். வியாபாரி மனதுக்குள் ரெண்டைக் கழித்துக்கொண்டு, கோபப்பட்டது போல் போனை வைப்பார். டிரைவரின் வீட்டுக்காரி கேட்டாலும் இதே பதில்தான், 'கிட்ட வந்துட்டான்மா.' நாலு போனை மேஜையில் பரப்பிக்கொண்டு, வேகாத வெயிலிலும் ஓயாத மழையிலும் நாகபூஷணம் ஒரு நாளைக்கு இதை அறுபது தடவை சொன்னார். சாப்பிடும்போது ஒரு கை சோற்றிலும் மறு கை போனிலும் இருக்கும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. விஜயவாடாவை விட்டு வடக்கே அன்னவரம் தாண்டி அவர் போனதே கிடையாது.

அடுத்த வாரமே விஷயம் ஆட்டோநகர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. யாரும் வாயைப் பிளக்கவில்லை. டீக்கடையில் ஒரு நாள் பேசினார்கள், மறுநாள் டயர் விலைக்குத் திரும்பிவிட்டார்கள். வெங்கடரத்னம் மட்டும் கூடுதலாக ரெண்டு லாரி வாங்கினார். சொல் எல்லா நேரமும் பலிக்காது. யாராவது கேட்டு, அதற்குப் பதிலாகச் சொன்னால்தான் பலித்தது. ஒரு தடவைக்கு ஒரு டோல், மிஞ்சிப் போனால் ரெண்டு, அதற்கு மேல் அவர் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் தாண்டிய தூரம் காற்றில் கரைந்துவிடவில்லை. அதை யாராவது ஒருவர் கடந்தாக வேண்டும் போலிருக்கிறது. அது நாகபூஷணத்தின் காலில் வந்து இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்த மனுஷனுக்குக் குதிகால் வெடித்தது. மூன்று மாதத்தில் நாலு ஜோடி செருப்பு தேய்ந்தது. மேஜைக்கு அடியில் பாதங்கள் தாமாக நடந்துகொண்டே இருந்தன, சிமெண்டுத் தரையில் ரெண்டு பள்ளம் விழுந்தது. காலி வண்டி என்றால் கெண்டைக்கால் வலியோடு போகும். லோடு வண்டி என்றால் இடுப்பு வரை ஏறும். மனைவி அனசூயா சட்டையைத் துவைத்தால் வாளித் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. அவள் தினமும் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் அவர் காலை வைத்துத் தேய்த்துவிட்டாள். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. கண்ணை மூடினாலும் ரோடு ஓடியது.

பட்டமடா ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காசிக்கு நடந்து போய்வந்தவர்களுக்குக்கூட முட்டி இப்படித் தேயாது என்றார். இன்னும் ஒரு நீண்ட தூரம் இந்தக் கால் தாங்கலாம், அதற்கப்புறம் இல்லை என்றார். வெளியே வந்ததும் அனசூயா ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இனிமே அந்தப் பேச்சு உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது. வந்துச்சு, நான் உயிரோட இல்லன்னு வெச்சிக்கோங்க." நாகபூஷணம் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடியே சொன்னார். அதுதான் பெரிய வம்பாயிற்று. வண்டி இன்னும் வாசலில் நிற்கிறது என்று ஒரு நாள் சொன்னார். குண்டூர் வியாபாரி வழக்கப்படி ரெண்டு டோல் கழித்துப் பார்த்து, இவர்களிடம் வண்டியே இல்லை என்று முடிவு கட்டி வேறு ஆபீசுக்குப் போய்விட்டார்.

ஐப்பசிப் புயல் ஒடிசாக் கரையில் ஏறியபோது கரீமுல்லா பன்னிரண்டு டன் மீனோடு கஞ்சம் பக்கம் இருந்தான். ருஷிகுல்யா ஆறு உடைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. வியாழக்கிழமையோடு அவன் போன் அணைந்தது. பின்னால் வந்த வேறொரு டிரைவர் கடைசியாகப் பார்த்ததைச் சொன்னான். லாரியை வெள்ளம் வயலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. கரீமுல்லா இறங்கி, ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் கூரையைத் தொட இன்னும் ஒரு முழம். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் மனைவி நாகூர்பீ ஹனுமான் ஜங்ஷனிலிருந்து பஸ் பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வெங்கடரத்னம் நாகபூஷணத்தை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"பூஷணம், உன் காலப்பத்தி எனக்குத் தெரியாதா? இது கடைசி. 'வண்டி வந்துடுச்சு'ன்னு ஒரு வார்த்தை. நான் ஒன்னும் மனுஷன விடச் சொல்லல. கூரை மேல இருக்கறவன மிலிட்டரிக்காரன் வந்து எடுத்துக்குவான். வண்டிய எவன் எடுப்பான்?"

நாகபூஷணம் உள்ளே வந்தார். நாகூர்பீ தலை நிமிர்ந்தாள்.

"அண்ணய்யா, ஒவ்வொரு தடவையும் நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லுவீங்க, கிட்ட வந்துட்டான்னு. பொய்யின்னு தெரிஞ்சேதான் அடுப்ப பத்த வெப்பேன். இன்னிக்கு ஏன் வாயக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? பொய்யாவாவது சொல்லுங்களேன்."

பத்தொன்பது வருஷமாக எத்தனை அடுப்புகளை இப்படி ஏற்றியிருப்பார் என்று அன்றுதான் நாகபூஷணம் நினைத்துப் பார்த்தார். நாலு போனில் ஒன்றை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "அனசூயா, சொல்லப் போறேன்" என்றார். யாரைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. மூன்று நாளாக அவளும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சொன்னாள். "செருப்பப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க. அந்த புதுசு. மேஜைக்குக் கீழ பையில இருக்கு."

அவர் குனிந்து புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். வார் கொஞ்சம் இறுக்கம். நாகூர்பீ கேட்டாள், "அவரு எங்க இருக்காரு அண்ணய்யா?"

"அவன் அப்பவே கெளம்பிட்டான்மா. பொட்டிபாடு டோல் தாண்டியாச்சு."

பழக்க தோஷம். கரீமுல்லாவின் வீடு வடக்கேயிருந்து வரும்போது பொட்டிபாடு டோலுக்கு முன்னாலேயே வந்துவிடும், ஹனுமான் ஜங்ஷனில். நாகபூஷணத்தின் நாக்கு வழக்கம்போல ஒரு டோல் முன்னால் போய்விட்டது. ஆகவே கரீமுல்லா, மூன்று நாள் மழையில் ஊறிய லுங்கியோடு, தன் வீட்டைத் தாண்டி, வெயிலடிக்கும் ரோட்டோரத்தில் வந்து நின்றான். ஒரு கையில் இன்னும் கூரை ஓலையைப் பிடித்திருந்தான். பாக்கெட்டில் காசு இல்லாததால் ஷேர் ஆட்டோக்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டான். மனைவி ஆபீசிலும் புருஷன் வீட்டு வாசலிலுமாக, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கச் சாயங்காலம் ஆயிற்று.

நாகபூஷணத்தின் காலில் இனி இடம் இல்லை. டோல் கணக்கில் பன்னிரண்டு, ரோட்டுக் கணக்கில் அறுநூறு கிலோமீட்டர் அந்தக் காலுக்குள் நுழையப் பார்த்து, முடியாமல் வெளியே நின்றது. அவர் எழுந்தார், முதலாளியைப் பார்த்துத் தலையசைத்தார், வாசற்படியைத் தாண்டினார். தாண்டிய கால் ருஷிகுல்யா ஆற்றங்கரைச் சேற்றில் பட்டது. அங்கே தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. அவர் ரோட்டில் ஏறி, இடது ஓரமாக, தெற்குப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

வெங்கடரத்னம் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. லாரி வயலில் கவிழ்ந்து கிடந்தது, மீன் திரும்பவும் தண்ணீருக்கே போயிருந்தது. ஓட்ட வண்டி இல்லாத கரீமுல்லாவை நாகபூஷணத்தின் நாற்காலியில் உட்கார வைத்தார். வடக்கேயிருந்து வரும் டிரைவர்கள் எல்லாரும் நாகபூஷணத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். காதில் பேனா சொருகியபடியே நடக்கிறார். ஏற்றிக்கொள்ளலாம் என்று நிறுத்தினால் அவர் ஏறினதும் எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது. இறங்கினதும் வண்டி கிளம்பும். அதனால் இட்லியும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒருத்தன் கால்வலித் தைலம் கொடுத்தான். வேகமாக நடக்கவும் அவரால் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை என்றான். கரீமுல்லா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அனசூயா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீசுக்கு போன் செய்தாள். பதினோராவது நாளும் செய்தாள்.

"தம்பி, அவரு எங்க இருக்காரு?"

"அது அப்பவே மடபாம் டோல்" என்று தொடங்கிய கரீமுல்லா நாக்கைக் கடித்துக்கொண்டான். ரத்தம் கரித்தது. "தாண்டல அக்கா. டோலுக்கு அந்தப் பக்கம், கரும்புச்சாறு வண்டிகிட்ட உக்காந்திருக்காராம். இன்னும் தாண்டல."

"நாளைக்குத் தாண்டிடுவாரா?"

"நாளைக்கு எங்க இருக்காருன்னு நாளைக்குச் சொல்றேன் அக்கா."

அனசூயா போனை வைத்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய் ரெண்டு கிலோ கல்லுப்பு கேட்டாள். அவ்வளவு எதற்கு என்றான் கடைக்காரன். வீட்டுக்காரர் ஸ்ரீகாகுளத்திலிருந்து நடந்து வருகிறார், இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றாள். அவ்வளவு தூரத்துக்கு ரெண்டு கிலோ பத்தாது என்று சொல்லி, அவன் மூன்று கிலோவாகக் கட்டினான்.