செவ்வாய்க்காரனின் மஞ்சள் காப்பு

"செவ்வாய் கிரகத்து ஆளுங்களும் மாரியம்மனுக்கு விரதம் இருப்பாங்களாப்பா?"

ஏழு வயது ஷாந்தினி இப்படிக் கேட்டதும் ஹரிதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பிள்ளை கேட்டதில் தப்பில்லை. திரையில் அணிவகுத்து நின்ற செவ்வாய்ப் படையின் கடைசி வரிசையில் ஒருவனுடைய வெள்ளிச் சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது. அதில் முடிந்திருந்த மஞ்சள் கிழங்குத் துண்டுகூடப் பளிச்சென்று தெரிந்தது.

ஆயர் குரோவில் ஹரிதாஸ் வீட்டுக் கூடம் ஒரு சின்னத் திரையரங்கு. சுவரை அடைத்த தொலைக்காட்சிக்குக் கீழே, படத் தட்டு ஓட்டும் புளூரே கருவி. அதை அவன்தான் துடைப்பான். மனைவி பவானேஸ்வரி தொட்டால் விரல் ரேகை பதிந்துவிடுமாம். சாமி விளக்கைத் துடைக்கச் சொன்னால் மட்டும் அவனுக்குக் கை வலிக்கும்.

அன்று ஓடிய தட்டைக் கொண்டுவந்தவர் பவானியின் தாய்மாமன் வீரமுத்து. அலோர் காஜாவில் லோரி ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்பு கோலாலம்பூர் இளைஞர்கள் சிலர், அங்கே எஸ்டேட்டில் மூடிக்கிடந்த ரப்பர் ஆலையைச் செவ்வாய் கிரகமாக்கி ஒரு படம் எடுத்தார்கள். அந்தக் காலத்து விண்வெளிப் படம் போலவே இருக்க வேண்டும் என்று தகர ராக்கெட், கண்ணாடித் தொட்டித் தலைக்கவசம் எல்லாம் செய்து, எஸ்டேட் ஆட்களையே படையாக நிறுத்தினார்கள். இப்போது நடித்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தட்டு வந்திருந்தது. வீரமுத்துவின் பழைய டிவிடி பெட்டி அதை ஏற்கவில்லை. அதனால் தேய்த்த சட்டையும் ஒரு பை ரம்புத்தான் பழமுமாக, மனைவி மாரியம்மாவோடு வந்து சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். படத்தில் தன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஹரிதாஸ் பார்க்க விட்டால்தானே. ராக்கெட் மைலோ டின் மாதிரி இருக்கிறது என்றான். அதைத் தூக்கிப் பிடித்த நைலான் நரம்பு தெரிகிறது என்று நிறுத்திக் காட்டினான். வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பவானி சொன்னாள். வேண்டுமென்றே எடுத்தாலும் குப்பை குப்பைதான் என்றான். நல்ல கருவி வாங்கியவனுக்கு நல்ல கண்ணும் சேர்ந்தே வந்துவிடும் என்று யார் அவனுக்குச் சொன்னார்களோ.

பிள்ளை கேட்ட பிறகு காப்பைத் திரை நிறையப் பெரிதாக்கினான். "மாமா, ராக்கெட்டுக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஓட்டுனீங்களா, இல்லையா?"

வீரமுத்து சிரிக்கத்தான் முயன்றார். "விரதம் மாப்ள. பாதியில அவுக்கக் கூடாதுலா."

திரையில் மணிக்கட்டு மட்டும்தான் இருந்தது. அதற்கு மேலே இருந்த அவர் முகத்தைத் தாண்டி, அடுத்த நரம்பைத் தேடிப் படம் ஓடிவிட்டது. சற்று நேரம் பார்த்துவிட்டு, காலையில் லோரி எடுக்க வேண்டும் என்று வீரமுத்து எழுந்தார்.

அவர் வெளியே போய்க் காரைத் திறந்தபோது, மாரியம்மா வாசலில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சிரிச்ச அந்தக் காப்பு உங்களுக்காகக் கட்டினது மாப்ள. மோட்டார் சைக்கிள்ல அடிபட்டு ஐசியூல கெடந்தீங்களே, அப்ப. இவருக்குத்தான் மொதல்ல படைத்தலைவர் வேஷம், ரெண்டு வசனம் வேற. காப்ப அவுத்தாத்தான் குடுப்போம்னு சொல்லிட்டாங்க. பால்குடம் எடுக்காம அவுக்கமாட்டேன்னு கடைசி வரிசைக்குப் போயிட்டாரு. சொல்லாதன்னாரு, சொல்லிட்டேன்."

கார் போன பிறகும் ஹரிதாஸ் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்து, மாமன் எடுக்காமல் போன தட்டைப் பின்னுக்கு ஓட்டினான். கண்ணாடித் தொட்டிக்குள் வேர்த்து வழிந்த முகம், முறுக்கிய மீசை. உச்சி வெயிலில் விரத வயிற்றோடு நின்றவர் என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இதைக் காட்டத்தானே அவ்வளவு துல்லியமான கருவி!

வெள்ளிக்கிழமை மாலை மாமனும் அத்தையும் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து அலோர் காஜாவுக்குக் காரோட்டினான். தபால் பெட்டிக்குள் வீட்டுச் சாவி இருப்பது சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரியும். பக்கத்து இருக்கையில் துண்டில் சுற்றிய கருவி. பழுது பார்க்கக் கொடுக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தான்.

தூசியில் மண்டியிட்டு, மாமனின் சின்னத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வயரை மாட்டினான். தட்டைப் போட்டு, கடைசி வரிசை வரும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினான். கருவியெங்கும் அவன் விரல் ரேகை. துடைக்கவில்லை.

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். இத்தனை பொத்தான்களில் அவர் எதை அழுத்துவார்? அத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றை எடுத்து, அழுத்த வேண்டிய பொத்தானில் ஒட்டினான். பிறகு கதவைப் பூட்டி, சாவியைத் தபால் பெட்டியில் போட்டான்.