பதினேழு செக்

"மயானத்துல ஆதார் கேக்கறாங்கப்பா" என்று சித்தப்பா நரசிம்மன் மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் ஸ்ரீதர் அப்பாவின் கால்மாட்டிலிருந்து எழுந்தான். அப்பாவின் ஆதார் லேப்டாப்பில் இருந்தது. அதைத் தொடத்தான் கை வரவில்லை.

அதில் அவன் எழுதிய செஸ் புரோகிராமும் இருந்தது. ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் நின்றுவிட்டு வந்து, ஓ.டி. இல்லாத நாளெல்லாம் எழுதியது. அதோடு மல்லுக்கட்ட வடக்குப்பட்டிலேயே ஒரே ஆள், அப்பா கன்னியப்பன். மனுஷன் தினமும் யானையைச் சும்மா தூக்கிக் கொடுப்பார். யானையைத் தானம் கொடுக்கிற கிறுக்கன் எவன் இருப்பான் என்று புரோகிராம் அந்த வழியையே கணக்கிலிருந்து கழித்துவிட்டு வேறு பக்கம் யோசித்துக்கொண்டிருக்கும். நாலாவது நகர்த்தலில் அதன் ராஜா மாட்டிக்கொள்ளும்.

போன ஞாயிறு ஸ்ரீதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வழிகளைக் கழிப்பதைக் குறைத்தான். செக் விழுந்தால் நிறுத்தாதே, இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பார் என்று எழுதி வைத்தான்.

நேற்று சாயங்காலம் அப்பா முதல் தடவையாகத் தோற்றார். சாப்பாடு வேண்டாமென்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். விடிவதற்குள் முதல் ஷிப்ட் பஸ் பிடித்தவன் அவரை எழுப்பவில்லை. ஏழரைக்கு சூப்பர்வைசர் லைனுக்கே வந்து தோளைத் தொட்டார். அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். நான்தான் ஆளைக் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

லேப்டாப்பைத் திறந்தான். திரையில் ஒரு ஆட்டம் முடிந்து நின்றிருந்தது. இன்றைய தேதி, காலை ஆறு இருபது. அப்பா ராணியை வைத்துக்கொண்டு செக் கொடுத்திருக்கிறார், மறுபடி செக், மறுபடியும் செக். மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று உள்ளே போன புரோகிராம், பாவம், வெளியே வரத் தெரியாமல் கிடந்திருக்கிறது. யோசிக்கக் கொடுத்த நேரம் தீர்ந்து அதன் கடிகாரத்தில் பூஜ்யம். கீழே, வெள்ளை வெற்றி. வெள்ளை அப்பாவுடையது.

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்திருக்கிறார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. ஸ்ரீதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், அழவும் செய்தான்.

"இன்னாடா?" என்று வந்தாள் அம்மா பாஞ்சாலி.

"அப்பா ஜெயிச்சிட்டாரும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். "அதான் காலைல தனியா சிரிச்சிகினு இருந்தாரா? இன்னான்னு கேட்டேன். அவன் வூட்டுக்கு வரட்டும், அவன்கிட்டயே சொல்லிக்கிறேன்னாரு."

ஸ்ரீதர் ஆதாரைச் சித்தப்பாவின் போனுக்கு அனுப்பினான். சார்ஜ் நாலு சதவீதம்தான் இருந்தது. ஆட்டத்தை மூடாமல், சார்ஜரைத் தேடி எடுத்துச் சொருகினான்.