குடிக்காதவரின் ஈரல்

என் மாமனார் சிவசுப்பிரமணியம் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை. கள்ளும் இல்லை, மீன் இறைச்சி என்று மச்சமும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஈரல் பழுதாகிவிட்டது என்று போன வருசம் டொக்டர் சொன்னபோது மாமி பத்மாசினி நம்பவில்லை. ஸ்கான் எடுத்த இடத்தில் ஆள் மாறிவிட்டது என்றுதான் முதலில் சொன்னார்.

ஆள் மாறவில்லை. பல வருசச் சீனி வருத்தத்தோடு, அதாவது நீரிழிவோடு, ஈரலில் கொழுப்புப் படிந்து, அது மெல்ல மெல்ல இறுகிவிட்டது. குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். இனிப்பான பாணி மருந்து ஒன்றும் தந்தார்.

"நாளுக்கு ரண்டு மூண்டு தரம் வயித்தாலை போகோணும், மலம் தங்கப்படாது. போகாட்டி நஞ்சு தலைக்கு ஏறும், ஆள் தடுமாறும். கனநேரம் வெறும் வயித்தோடை இருக்கப்படாது. படுக்க முன்னமும் ஏதும் சாப்பிடோணும். தசை வத்திக்கொண்டு போகுது, பாருங்கோ" என்று மாமாவின் தோளைத் தொட்டுக் காட்டினார்.

வரும் வழியில், மருதனார்மடம் தாண்டியதும் மாமி என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஈரல் எண்டு ஒருத்தரிட்டையும் வாய் விடாதையுங்கோ. இவர் ஒளிச்சு நிண்டு குடிச்சவர் எண்டுதான் சனம் கதைக்கும். ஆரும் கேட்டால் சீனி எண்டு சொல்லுவம்."

நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அவர்கள் வீடு, அவர்கள் மானம். "ஓம் மாமி" என்றேன். என் மனைவி கீர்த்திகாவும் சம்மதித்தாள்.

மாமா மெலிந்துகொண்டே போனார். கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது. வெங்காயப் பாத்திகளுக்கு வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறப் போனால் பாதியில் வரம்பில் குந்திவிடுவார். பகலில் நித்திரை, இரவில் விழிப்பு. பக்கத்து வீட்டுத் தம்பிஐயா அண்ணை ஓட்டோ வைத்திருப்பவர், கோயில் சபையிலும் இருக்கிறார். "உங்கடை மாமாவுக்கு அறளை பெயரத் தொடங்கீட்டுது போலை" என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னார். மாமி மறுக்கவில்லை. வயது போனவருக்கு மறதி வந்தால் அதில் வெட்கமில்லையே.

அப்போதுதான் கந்தசஷ்டி வந்தது. மாமா கல்யாணத்துக்கு முன்பிருந்தே சஷ்டி விடாதவர். பகல் முழுக்கப் பட்டினி, பின்னேரம் கொஞ்சம் பாலும் பழமும்.

"அப்பா, டொக்டர் வேண்டாமெண்டவர் எல்லே" என்றாள் கீர்த்திகா.

"அவரும் முருகனைக் கும்பிடுறவர்தான். அறைக்குள்ளை படம் மாட்டி வைச்சிருக்கிறார்."

"படம் மாட்டினவர் பட்டினி கிடக்கச் சொல்லேல்லை."

"உனக்கு வாய் கூடிப்போச்சு. கொம்மாவைப் போலை" என்று சிரித்துவிட்டுக் காப்புக் கட்டப் போய்விட்டார்.

பாணியையும் நிறுத்தியது எங்களுக்குத் தெரியாது. கக்கூசுக்குப் போனால் தலையோடு குளித்துத் தோய்ந்துவிட்டுத்தான் திரும்பக் கோயிலுக்குள் போவார். மாரி மழையில் நாளுக்கு மூன்று தரம் தோய அந்த உடம்பால் முடியாது. விரதம் முடியும்வரைதானே என்று மாமி போத்தலை அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் தம்பிஐயா அண்ணை மாமாவை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கோயில் தூணில், கையில் கட்டியிருந்த காப்பு நூலை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டு நின்றாராம். என்ன செய்யிறியள் என்று கேட்டதற்கு, "மாட்டைக் கட்டுறன்" என்றாராம். வீட்டில் மாடு இருந்ததெல்லாம் சண்டைக்கால இடம்பெயர்வுக்கு முந்தி.

"தம்பி கோபி, இது அறளைதான். என்ரை மாமியாருக்கும் உப்பிடித்தான் தொடங்கினது. இனி வெளியிலை விடாமல் கேற்றைப் பூட்டி வையுங்கோ. வேறை ஒண்டும் செய்யேலாது" என்றார் தம்பிஐயா அண்ணை.

"விரதக் களைப்பு. படுத்தெழும்பினால் சரி" என்றார் மாமி.

மாமா கீர்த்திகாவைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பெயர் வரவில்லை. நாக்குக் குழறியது. எனக்கு டொக்டர் சொன்னது நினைவு வந்தது.

"மாமி, பாணி குடுத்தனீங்களோ?"

மாமி தம்பிஐயா அண்ணையை ஒருமுறை பார்த்துவிட்டு, அலுமாரிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அண்ணை, ஓட்டோவைத் திருப்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அங்கே இருந்தது ஒரு இளம் டொக்டர், பெண்பிள்ளை. "ஐயாவுக்கு முந்தி என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"சீனி, பிள்ளை. வயசும் போட்டுது. கொஞ்ச நாளாய் மறதி" என்றார் மாமி. தம்பிஐயா அண்ணை பக்கத்திலேயே மாமாவைத் தாங்கிக்கொண்டு நின்றார். டொக்டர் எழுதத் தொடங்கினார். நான் வாயைத் திறக்க, மாமி என் கையை அமர்த்திப் பிடித்தார்.

"ஐயா, ரண்டு கையையும் நீட்டிப் பிடியுங்கோ."

மாமா நீட்டினார். மணிக்கட்டுகள் தாமாகவே விழுந்து விழுந்து எழும்பின, நனைந்த காகம் செட்டை அடிப்பதுபோல. டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஈரல் பழுதான ஆக்களுக்குத்தான் கை இப்பிடி அடிக்கும். இவர் குடிக்கிறவரோ?"

மாமி ஒரு வருசமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி. எல்லார் முன்னாலும் வந்துவிட்டது. என் கையை விட்டார்.

"இல்லை! ஒரு சொட்டும் தொடாத மனிசன். ஆனால் ஈரல் பழுது. இறுகிப் போச்சு. பாணி தந்தவை, விரதமெண்டு நான்தான் எடுத்து வைச்சனான். இப்ப மூண்டு நாளாய் வயித்தாலை போகேல்லை. அதை எழுதுங்கோ பிள்ளை. மறதியை வெட்டுங்கோ."

உள்ளே கொண்டுபோய்க் குடலைக் கழுவி, பாணியைத் திரும்பத் தொடங்கினார்கள். சூரன்போர் நாங்கள் இல்லாமலே நடந்தது. விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணைக்கு அடுத்த நாள் காலை மாமா கீர்த்திகாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மாமியிடம், "பாறணை முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது. உங்கடை பாறணை உது" என்று மாமி வார்ட்டில் தந்த சோற்றையும் பருப்பையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று டொக்டர் சொல்லவில்லை. உண்மையான மறதியும் கொஞ்சம் தொடங்கியிருக்கலாம், இரண்டும் சேர்ந்தே வரலாம், உடம்பு தேறிய பிறகு அதைத் தனியாகப் பார்ப்போம் என்றார். இனி விரதம் இல்லை. பருப்பு, பயறு, பால் குறையாமல் வேண்டும். கதிரையில் இருந்து எழும்பிப் பழக வேண்டும்.

தம்பிஐயா அண்ணை கேற்றைப் பூட்டுவது பற்றி மறுபடி பேசவில்லை. மாமி பாணிப் போத்தலை இப்போது சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் தெரியத்தான் வைக்கிறார். போன வெள்ளி கோயிலில் ஒரு பெண், "சிவசுப்பிரமணியத்தாருக்கும் ஈரலோ?" என்று வாயைப் பொத்திச் சிரித்தாவாம்.

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்று கீர்த்திகா கேட்டாள்.

"உங்கடை மனிசனுக்கும் சீனிதானே, ஒருக்கால் ஸ்கான் எடுத்துப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார் மாமி.