முதல் தாளில் தூங்கியவன்

உடல் இல்லாமல் கல்லறை கட்டுவது எங்கள் லூக்கா நகரில் புதிதல்ல. கடல் தாண்டி வியாபாரம் செய்கிற ஊரில் அது உள்ளதுதான். ஆனால், உடலும் இல்லை, முகத்தில் சுண்ணம் வார்த்து எடுத்த அச்சும் இல்லை, இருந்தும் செத்தவனின் முகம் அப்படியே கல்லில் வேண்டும் என்று ஒரு தாய் வந்து உட்கார்ந்தால் சிற்பி என்ன செய்வான்? என் புருஷன் நோஃப்ரி தலையாட்டினார். வேலை என்று வந்துவிட்டால் அந்த மனிதருக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும்.

வந்தவள் பட்டு வியாபாரியின் விதவை பியெரா. மூத்த மகன் கோர்ஸோ ஜெனோவாக் கடலில் பட்டுப் பொதிகளோடு மூழ்கிப் போயிருந்தான். தேவாலயத்தின் இடப்பக்கத்தில் அவனுக்கென்று ஒரு சிற்றாலயம் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் பளிங்குப் பெட்டி, பெட்டியின் மேல் கண்மூடிப் படுத்திருக்கும் கோர்ஸோ.

"என் சின்னவனை அனுப்புறேன். படுக்கவச்சு வரைஞ்சுக்குங்க. அண்ணன் முகம் எங்கெங்க மாறும்னு நான் சொல்லித் தர்றேன்," என்றாள்.

சின்னவன் தாதேயோவுக்கு லியோன் நகரில் மாமாவின் கடையில் வேலை காத்திருந்தது. போகத் துடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் முகம் முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று தாய் சொல்லிவிட்டாள்.

வரைவதற்குத் தாள் பூசுவது என் வேலை. தின்ற கோழியின் எலும்பை வெள்ளையாகச் சுட்டு, மாவாக அரைத்து, பசையில் குழைத்துப் பூச வேண்டும். அதன்மேல் வெள்ளிக் கம்பியால் இழுத்த கோட்டை அழிக்க முடியாது. தப்பு என்றால் வேறு தாள்தான்.

"ஏன்க்கா, நேத்து நீங்க தின்ன கோழி மேலயா இன்னைக்கு நான் சாகப் போறேன்?" என்றான் தாதேயோ.

"கோழி செத்தப்புறம் வாயை மூடிக்கிச்சு. நீயும் மூடு," என்றேன்.

எங்கள் சாப்பாட்டு மேசைமேல் மல்லாந்து படுத்தான். நெஞ்சில் கைகளைக் கோத்துக்கொண்டான். சிரிக்காதே, சிரிக்காதே என்று நோஃப்ரி அதட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதோடு சேர்த்தே வரைந்துவிட்டார்.

பியெரா தாளைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளினாள். "இது தாதேயோ. பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் அந்தத் தாளை அடுப்புக்குப் பக்கத்துக் கொடியில் மாட்டினேன்.

அதன் பிறகுதான் பாடு ஆரம்பித்தது. தாடை இன்னும் அகலம் என்பாள். அடுத்த தாள். புருவம் இப்படி இல்லை என்பாள். மறுபடி ஒரு தாள். கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி மாட்டினோம். கண்மூடிய முகங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு தாளிலும் தாதேயோ குறைந்துகொண்டே போனான். சமைக்கும்போது முதுகுக்குப் பின்னால் அவர்கள் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு துணியை எடுத்து மூடினேன். மூடியபின் இன்னும் பயமாக இருந்தது.

கோடுகளால் ஆகவில்லை என்றதும் பியெரா மகன்மேல் கை வைத்தாள். கோர்ஸோவின் கறுப்பு வெல்வெட் சட்டையை மாட்டிவிட்டாள், முடியை அண்ணனைப் போலக் கத்தரித்தாள். வீட்டில் அண்ணன் நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த கஷ்கொட்டைக் களியை முன்னால் வைத்தாளாம். தாதேயோவுக்குச் சின்ன வயதிலிருந்தே அது தொண்டையில் இறங்காது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

கோழி பற்றிய கிண்டலும் நின்றது. வருவான், படுப்பான். எழுந்திரு என்றாலும் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பான்.

ஒருநாள் அவனுக்கு ரொட்டி எடுத்து வைத்துவிட்டு, "தாதேயோ, சாப்பிட வாப்பா," என்று கூப்பிட்டேன். ஜன்னலோரம் நின்றவன் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். என் நாக்கில் சனியன்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். "கோர்ஸோ," என்றேன்.

"என்னக்கா?" என்று திரும்பினான்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் இங்கிருந்து போகணும்," என்றான்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் பியெரா புதுத் தாளையும் உதறிவிட்டு எழுந்தாள். போகிற போக்கில் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். கொடியில் அந்த முதல் தாள் தொங்கியது. வெள்ளிக் கோடு காற்றுப் பட்டால் பழுப்பேறும். அடுப்பருகே இருந்ததால் நன்றாகவே ஏறி, தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. உதட்டோரச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"இதோ!" என்று அலறினாள். "என் கோர்ஸோ! இவ்வளவு நாளா இதை ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

நோஃப்ரி வாயைத் திறந்தார். அதற்குள் மேசைமேல் கிடந்த தாதேயோ எழுந்து உட்கார்ந்தான். தாளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"ஆமாம்மா, அண்ணன்தான்," என்றான்.

அந்த வாரமே கிளம்பினான். வெல்வெட் சட்டையை எங்கள் மேசையில் மடித்து வைத்துவிட்டு, "முகத்தை இங்கயே விட்டுட்டுப் போறேன்க்கா. பத்திரமாப் பாத்துக்குங்க," என்றான். பழைய கிண்டல்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைத் தடவி அனுப்பிவைத்தேன்.

நோஃப்ரி அந்தத் தாளை வைத்தே பளிங்கைச் செதுக்கினார். கல்லறைத் திருநாளன்று பாதிரியார் சிற்றாலயத்தைப் புனித நீர் தெளித்து மந்திரித்தார். கூட்டம் கலைந்த பிறகும் பியெரா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தாள். அழைத்துப் போகலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் ஒளியைக் கல் முகத்தின் அருகே கொண்டுபோய், உதட்டோரத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"தெஸ்ஸா, இது தாதேயோ," என்றாள் என்னிடம்.

அவள் தோளில் கை வைத்தேன்.

"லியோனுக்கு நல்லாத்தானே போனான்? இங்க ஏன் படுத்திருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான்மா. போன வாரம்கூட மாமா ஆள்கிட்ட சொல்லி அனுப்பினான். உயிரோட, சௌக்கியமா இருக்கான்."

என் கையை இறுகப் பற்றினாள்.

"அப்போ இவனை எழுப்பு," என்றாள்.