தனித்தாள் இணைக்கவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. பதினெட்டு வயது முடிந்த என் மகளுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்கும் படிவத்தில், பதினொன்றாவது கேள்விக்குக் கீழே நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். 'விண்ணப்பதாரரால் எவற்றைச் செய்ய இயலாது? விவரமாக எழுதவும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.' அந்தத் தனித்தாள்தான் இப்போது உங்கள் கையில் இருப்பது.

நான் அவ்வப்போது கதை எழுதுகிறவள். என்னிடம் போய்த் தனித்தாள் கேட்டது அவர்கள் தப்பு.

நாளைக் காலை பத்து மணிக்கு, அலுவலகத்தில் அவளை நேரில் வைத்து, மறுபரிசீலனை. ஒருமுறை தள்ளிவிட்டார்கள். இரண்டாம் முறையும் தள்ளினால் மூன்றாம் முறை கிடையாது. உதவித்தொகைச் சான்று இல்லையென்றால் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அவளுக்கு இடமும் கிடையாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால், அவள் தனியாக வீட்டில் [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: 'என் மகளால் தனியாக வெளியே போக முடியாது. அடுப்பருகே நிற்க முடியாது. தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது.'

எல்லாம் உண்மை. ஆனால் படித்துப் பார்த்தால் இதில் ஒரு பெண்ணே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'எங்கள் வீட்டுக் கண்டக்டருக்குப் பதினாலாம் நம்பர் பஸ்ஸின் நிறுத்தங்கள் தலைகீழ்ப் பாடம்.'

இதில் இருக்கிறாள். கண்டக்டர் என்பது அவள் அப்பா வைத்த பெயர். அவர் கடைத்தெருவில் தையற்காரர், வீட்டிலும் ஒரு மெஷின் உண்டு. மெஷினில் உட்கார்ந்தபடியே "கண்டக்டர், வண்டி எங்க நிக்குது?" என்பார். அவர் ஊசியில் நூல் கோப்பதற்குள் இவள் "தண்ணித்தொட்டி, மரக்கடை, ஆஸ்பத்திரி, பாலம், டிப்போ" என்று முடித்துவிடுவாள். அறிவில் ஆறு வயது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சில விஷயங்களில் ஆறு, சிலவற்றில் அறுபது. கண்ணில் படும் எதையும் வாய்விட்டுப் படிப்பாள்: கடைப் பலகை, மருந்து அட்டை, பக்கத்து வீட்டுக்கு வந்த தபால். அதனால் பக்கத்து வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கதைக்கு இது நல்ல தொடக்கம். படிவத்துக்கு விஷம். கதையில் ஒருத்தியை உயிரோடு நிறுத்த எதையெல்லாம் எழுதவேண்டுமோ, அதையெல்லாம் படிவத்தில் மறைக்கவேண்டும்.

3

முதல் தடவை, அலுவலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையைத் தயார்ப்படுத்தினேன்.

பதினெட்டு வருஷமாக எனக்கு அதுதானே வேலை. பள்ளியில் சேர்க்கும்போதும் சரி, உறவுக்காரர்கள் வரும்போதும் சரி, தலைவாரி, நல்ல உடுப்பாகப் போட்டு, "கேட்டா பளிச்சுன்னு பதில் சொல்லணும், என்ன?" என்று சொல்லி உட்காரவைப்பேன். யாரும் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் எங்கே போகும்? ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன்.

அலுவலர் வந்தார். [அவரைக் கெட்டவராக்க மூன்று தடவை முயன்றேன். ஒரு தங்கப்பல்கூட வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். மனிதர் நல்லவர். பேனா ஒழுகிச் சட்டைப்பையில் நீலக்கறை. அதைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினார். கறை போக என்ன செய்யவேண்டும் என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார்.]

"டீ நீயே போடுவியாம்மா?"

"போடுவேன் சார்."*

"பஸ்ல தனியா போகத் தெரியுமா?"

"தண்ணித்தொட்டி, மரக்கடை, ஆஸ்பத்திரி, பாலம், டிப்போ!"

"அடேயப்பா, எனக்கே இவ்வளவு தெரியாதும்மா" என்று சிரித்தார் அலுவலர். சிரித்துக்கொண்டே எழுதினார். நான் பக்கத்தில் பூரித்துப்போய் நின்றேன்.

* போடுவாள். அடுப்பை அணைக்கத் தனியாகச் சொல்லவேண்டும். அவர் அதைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

4

கடிதம் வந்தது. வழக்கம்போல அவள்தான் பிரித்து வாய்விட்டுப் படித்தாள். "விண்ணப்பதாரர் தனியாகப் பயணம் செய்யக்கூடிய நிலையில் உள்ளார். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

"என்னங்க இது!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

"இரு, மறுபடியும் எழுதிப் போடலாம்" என்றார் அவர்.

நாங்கள் இரண்டாவது வாக்கியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் மாடியில் துணி உலர்த்திவிட்டுக் கீழே வந்தேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. அவளும் இல்லை, கடிதமும் இல்லை.

[இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். செருப்பில்லாமல் ஓடினேன், நின்றிருந்த கார்களுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன் என்றெல்லாம் இருந்தது. வேண்டாம். ஐந்து மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.]

டிப்போவிலிருந்து போன் வந்தது. பதினாலாம் நம்பரில் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் பஸ் நிற்பதற்கு முன்பே கூவியிருக்கிறாள். எல்லாரும் ரசித்திருக்கிறார்கள். யாரோடோ வந்த பிள்ளை என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். எங்கள் வீடு பாலம் நிறுத்தத்தில். பஸ் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பலமுறை பாலத்தைக் கடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "பாலம்!" என்று கூவிவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. ஷிப்ட் மாறும்போதுதான் கவனித்தார்களாம்.

நான் போனபோது பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. கையில் அந்தக் கடிதம்.

"ஆபீசர் போலாம்னு எழுதியிருக்காரும்மா. நான் சரியாத்தான் போனேன்."

5

பதினொன்றாம் கேள்விக்கு இதைத்தான் எழுதவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்: நல்ல நாளை எழுதாதீங்க, மோசமான நாளை எழுதுங்க, அந்தப் பாவாடையை எழுதுங்க.

ஆனால் நாளைக்கு அந்தத் தாள் மேஜைமேல் இருக்கும். எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள். எழுத்து தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுவாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தள்ளிவிடுவார்களோ என்று பயம். அதைவிட, அவள் படித்துவிடுவாளோ என்று பயம். எங்கள் காலத்துக்குப் பிறகு என்ன என்று இன்னொரு பயம் இருக்கிறது. அது ஏறிவிட்டால் மற்ற பயங்கள் எல்லாம் எழுந்து இடம் கொடுத்துவிடும்.

இந்தத் தாளை இணைக்கவும் முடியாது. இதில் அவள் அதிகமாக இருக்கிறாள்.

6

முடிவு ஒன்று: அலுவலர் படித்துக் கண்கலங்கி அங்கேயே கையெழுத்துப் போடுகிறார். [அந்த ஒழுகுகிற பேனாவாலா? நானே நம்பவில்லை.]

முடிவு இரண்டு: அவள் நிறுத்தங்களை ஒப்பிக்கிறாள், அறையே சிரிக்கிறது, நாங்கள் வெறுங்கையோடு [போதும்.]

முடிவு மூன்றை நான் எழுதவில்லை, செய்தேவிட்டேன். நேற்று மாலை அவளை எதிரில் உட்காரவைத்து மறுபடியும் பயிற்சி.

"ஆபீசர் பஸ்ஸைப் பத்திக் கேட்டா என்ன சொல்லணும்?"

"தண்ணித்தொட்டி..."

"இல்லடா கண்ணு. தெரியாதுன்னு சொல்லணும்."

"எனக்குத்தான் தெரியுமேம்மா."

"தெரியும்டா. அங்க மட்டும் தெரியாது."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். நல்ல பிள்ளை. சொல்லிக்கொடுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

இன்று காலை அவர் மெஷினில் உட்கார்ந்தார்.

"கண்டக்டர், வண்டி எங்க நிக்குது?"

"தெரியாது."

"என்னடா, இன்னும் தூக்கம் கலையலையா? தண்ணித்தொட்டி தாண்டிட்டா அப்புறம் என்ன?"

"தெரியாதுப்பா."

மெஷின் நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார். "குழந்தைய என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றார், மெதுவாகத்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோதும் கேட்டுப் பார்த்தார். அதே பதில். மற்றபடி மாற்றமில்லை. மருந்து அட்டையை முழுதாக, காலாவதித் தேதியோடு, வாய்விட்டுப் படித்தாள். நிறுத்தங்களைக் கேட்டால் மட்டும் தெரியாது. என் சொல்லைக் காப்பாற்றுகிறாளா, நிஜமாகவே தொலைத்துவிட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

7

நாளைப் பத்து மணிக்கு அலுவலர் கேட்பார். அவள் 'தெரியாது' என்றால் மையத்தில் இடம் கிடைக்கும். 'தண்ணித்தொட்டி' என்றால் என் மகள் எனக்குத் திரும்பக் கிடைப்பாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இந்த இடத்தில் பேனாவை வைக்கிறேன்.

நான்கு கோடுகளும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. நீங்களே நிரப்பிக் கொடுங்கள். உண்மையைத்தான் எழுதவேண்டும், கீழே கையெழுத்து உண்டு. எழுதியதை ஒருமுறை மனசுக்குள் படித்துப் பாருங்கள். நாளைக்கு அவள் அதை வாய்விட்டுப் படிப்பாள்.

11. விண்ணப்பதாரரால் எவற்றைச் செய்ய இயலாது?

______________________

______________________

______________________

______________________