மாமனார் ஒளித்த ஏழு டப்பா

சட்டையில் மண்ணெண்ணெய் வாடை ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலோரம் நகர்ந்துவிட்டார். வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்து டிரம்மைக் கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மாட்டிவிட்டுப் போனார். கடைசியில் பார்த்தால், துணிக்கு வாசனை சேர்க்கும் திரவத்தின் ஊதா பாட்டிலில் மாமனார் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்.

"உள்ள இருந்தத என்ன பண்ணீங்க மாமா?"

"கொட்டிட்டேன். ரெண்டு ஆம்பளைங்க இருக்கற வீட்டுக்கு வாசன எதுக்கு மாப்பிள்ளை?"

மாமனார் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இறந்த வாரம் ஒரு பையோடு வந்தார். எட்டு மாதமாகியும் கிளம்பவில்லை. கிளம்பச் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

போன குளிர்காலத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. அப்போது அவள் நோயோடு இந்த வீட்டில்தான் மூன்று போர்வைக்குள் கிடந்தாள். மாமனார் ஒரே ஒரு டார்ச்சோடு பார்க்க வந்தார். அது அரை மணி நேரத்தில் உயிரை விட்டது. அதற்கு ஒரு மாதம் கழித்து அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். மாமனார் இரண்டு முறையும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் மெழுகுவத்தி, மண்ணெண்ணெய், கையடக்க அடுப்புக்கான சின்ன காஸ் டப்பா என்று சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் கட்டிலுக்கு அடியில் பகிரங்கமாகத்தான் வைத்தார். இந்தக் கட்டிடத்தில் எரிபொருள் வைக்கக் கூடாது என்று சொல்லி அவன் அத்தனையையும் அப்புறப்படுத்தினான். அன்றிலிருந்து ஒளித்து வைத்தார். மாவு டப்பாவில் தீப்பெட்டி. குளியலறைத் திரைக் கம்பிக்குள் வரிசையாக மெழுகுவத்தி. பூட்ஸுக்குள் பேட்டரி. காலையில் அவசரமாகக் காலை விட்டு அவன் கத்தினால், "மெதுவா மாப்பிள்ளை, பேட்டரி நசுங்கிடும்" என்பார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு, சோபா மெத்தையைத் தூக்கியவன் ஒரு கடிதத்தைக் கண்டெடுத்தான். கட்டிட நிர்வாகம் அனுப்பியது. பக்கத்துக் கட்டிடத்தில் தீப்பிடித்ததால் எல்லா வீட்டிலும் சோதனை. காஸோ மண்ணெண்ணெயோ இருந்தால் வாடகை ஒப்பந்தம் ரத்து. வியாழன், காலை பத்து மணி.

"மாமா, இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம். நீங்க டென்ஷன் ஆவீங்களேன்னு..."

வீடு போனால் என்ன ஆகும் என்று அவனுக்கு உடனே தெரிந்தது. படுக்கையறையில் அவளுடைய அலமாரி இருந்தது. எட்டு மாதமாக அவன் அதைத் திறக்கவில்லை. வீட்டைக் காலி செய்தால் அதையும் காலி செய்யவேண்டும்.

"மொத்தம் எத்தன காஸ் டப்பா?"

"பதினெட்டு."

"எங்கெங்க?"

"அதான பிரச்சன. பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கேன். லிஃப்ட் ஒத்தக் கயித்துலயா தொங்குது? நாலு கயிறு. ஒவ்வொண்ணும் தனியாவே தாங்கும்."

"இது வீடு மாமா!"

கத்தினார்களே தவிர இரண்டு பேரும் மரியாதையை விடவில்லை. குளியல் தொட்டிப் பலகைக்குப் பின்னால் நான்கு. வாக்யூம் கிளீனரின் வயிற்றில் இரண்டு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஐந்து, அதுவும் சூடான பக்கம். ஊதா பாட்டிலையும் சேர்த்துத் தெருவில் நின்ற காருக்கு அவன் இரண்டு நடை ஓடினான். மேலே வந்தபோது பத்தாக இருபது நிமிடம்.

"பதினொண்ணு ஆச்சு. மிச்சம் ஏழு?"

மாமனார் தரையைப் பார்த்தார். பிறகு படுக்கையறைப் பக்கம் பார்த்தார்.

"மாமா. அங்க வச்சீங்களா?"

"நீங்க தொறக்க மாட்டீங்கன்னு தெரியும்."

அவன் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான்.

"தொறந்தீங்களா?"

"தொறக்காம எப்படி வைக்கறது? ஆனா பாக்கல. கண்ண மூடிட்டுத்தான் வச்சேன்."

"கண்ண மூடிட்டு யாராவது காஸ் வைப்பாங்களா?"

"கண்ணுதான மாப்பிள்ளை மூடும்? கைக்குத் தெரிஞ்சுபோச்சு. பச்ச ஸ்வெட்டர்."

"எடுங்க."

"நீங்க எடுங்க."

"வச்சது யாரு?"

"இன்னொரு வாட்டி என்னால முடியாது."

வாசல் மணி அடித்தது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள் சோதனைக்காரி. கையில் அட்டை, காதில் பேனா. சமையலறை, குளியலறை, பால்கனி எல்லாம் பார்த்து டிக் அடித்தாள். திரைக் கம்பி ஏன் இவ்வளவு கனம் என்று கேட்கவில்லை. படுக்கையறைக்கு வந்து அலமாரியின் பிடியில் கை வைத்தாள்.

"இது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சொன்னார்: "என் பொண்ணோடது. அவ இல்ல."

அவள் கையை எடுத்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க. இத விட்டுடறேன்." டிக் அடித்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையாட்டினான். பொய் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

கதவு சாத்தியதும் மாமனார் பெருமூச்சு விட்டார். "சொன்னேன்ல? அங்க யாரும் கை வைக்க மாட்டாங்க. இனிமே எல்லாத்தையும் அங்கயே..."

அவன் போய் அலமாரியை ஒரே இழுப்பில் திறந்தான்.

துணி சரிந்து விழுந்தது. ஏழு டப்பாவும் ஸ்வெட்டரிலும் சால்வையிலும் கோட்டுக் கையிலும் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவைப் பையில் போட்டான், துணியை மாமனார் மடியில் எறிந்தான்.

"மடிங்க."

"எனக்கு எங்க மடிக்கத் தெரியும்?"

"எனக்கு மட்டும்?"

மடித்தார்கள். பச்சை ஸ்வெட்டரை மூன்று முறை பிரித்து மடித்தும் அது மூட்டை மாதிரியே இருந்தது. மாமனார் அதை முகத்தருகே கொண்டுபோய், சட்டென்று இறக்கினார். "காஸ் வாடதான் அடிக்குது" என்றார். அவன் வாங்கி முகர்ந்து பார்த்தான். காஸ் வாடை இல்லை. அலமாரித் தட்டில் வைத்தான்.

காஸ் டப்பாக்களை வாங்கிக்கொள்ளும் நகராட்சி சேகரிப்பு நிலையம் பன்னிரண்டுக்கு மூடிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். மாமனார் குறுக்கே நின்றார்.

"காஸ லிஃப்ட்ல ஏத்தக் கூடாது. விதி இருக்கு."

"விதியா? காலைல ரெண்டு நட அதுலதான போனேன்?"

"நான் பாக்கல. பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் மாப்பிள்ளை, ஒரு வாட்டி மீறினதில்ல."

லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது. அவன் பையின் ஒரு காதைப் பிடித்தான். மாமனார் மறு காதைப் பிடித்தார். நான்கு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் மூச்சு வாங்க நின்றார். அவன் மணியைப் பார்த்து முனகிக்கொண்டே நின்றான்.

"இப்ப குளிர்ல மறுபடியும் கரண்ட் போச்சுன்னா என்ன பண்றது?"

"ரெண்டு பேரும் விறைச்சுப் போய் உக்காந்திருப்போம். நடங்க மாமா."